வீட்டுச் சுவரில் ஒரு கல்

பாரிஸ் நகரின் நடுவே சேன் நதி ஓடுகிறது. அதன் தென்கரையில், நதியைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் பழைய மாளிகைகளுள் ஒன்றின் சுவரில் ஒரு கல்லைப் பதித்திருக்கிறார்கள். வால்டேர் என்னும் எழுத்தாளர் 1778ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இந்த வீட்டில் இறந்தார் என்பது அக்கல் தரும் செய்தி. நின்று படிப்பவருக்கு அரை நிமிஷம் பிடிக்கும். படிக்காமற் போகிறவர்களே மிகுதி.

அருப்புக்கோட்டைக் கரிசலில் வளர்ந்த எனக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. அது வந்தவாசி வழியாக வருகிறது.

1758ஆம் ஆண்டில் லாலி என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் கடலூருக்கு அருகிலிருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். பிறகு பணத்துக்காகத் தஞ்சாவூர்மேல் படை எடுத்துச் சென்று, பலனின்றித் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையை வளைத்தார். அடுத்த பிப்ரவரியில் முற்றுகையைக் கைவிட்டு நீங்கினார். அந்த முற்றுகையின்போது வெளிப்புறத்திலிருந்து அவருடைய படையை ஓயாது அலைக்கழித்தவர்களுள் ஒருவர், பின்னர் மதுரைச் சீமையில் ஆங்கிலேயரையே எதிர்த்து நின்று தூக்கிலிடப்பட்ட யூசுப்கான். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் லாலி தோற்றார். ஓராண்டு கழித்துப் புதுச்சேரிக் கோட்டையும் வீழ்ந்தது. இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் கண்ட பேரரசுக் கனவு அத்துடன் கலைந்தது.

கனவு கலைந்தால் யாராவது ஒருவர் பழியைச் சுமக்க வேண்டுமல்லவா? ஆங்கிலேயரிடம் கைதியாக இருந்த லாலி, தம்மேல் சொல்லப்பட்ட குற்றங்களுக்கு மறுமொழி கூறுவதற்கென்றே பிரான்சுக்குத் திரும்பினார். சிறையில் அடைத்தார்கள். அரசனுக்குத் துரோகம் செய்தவர் என்று தீர்ப்பளித்து, 1766 மே மாதம், வாயை அடைத்து, தலையை வெட்டினார்கள். கடைசி நேரத்தில் அவர் ஏதேனும் பேசிவிடுவாரோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கும்.

லாலியிடம் எனக்குப் பரிவு கிடையாது. முன்கோபி; யார் சொல்லும் கேளாதவர்; இந்நாட்டு மக்களை வண்டிமாடுகளைப் போலப் பாரம் இழுக்கச் செய்தவர். ஆனால் முன்கோபம் வேறு, துரோகம் வேறு. இந்த வேற்றுமையை எடுத்துக்காட்டி, தீர்ப்பு அநீதியானது என்று முதுமையிலும் இடைவிடாமல் எழுதியவர் வால்டேர். அதற்காகவே 1773இல் இந்தியாவைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. எனினும் கர்நாடகத்துப் போர்களை அந்நூலில் நிதானமாக விவரித்திருக்கிறார்.

1778 பிப்ரவரியில், 28 ஆண்டுகள் விலகியிருந்த பாரிஸ் நகருக்கு அவர் மீண்டும் வந்தார். வயது எண்பத்து மூன்று. தங்கியது நண்பர் ஒருவரின் மாளிகையில். நாம் மேலே கண்ட கல் பதித்த வீடு அதுதான். ஊரே திரண்டு வந்து பார்த்தது. நாடக அரங்கில் அவருடைய சிலைக்கு மலர்முடி சூட்டினார்கள். மே மாதம் நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோது ஒரு செய்தி வந்தது: லாலிக்கு விதித்த தீர்ப்பை அரசவை தள்ளுபடி செய்துவிட்டது. தந்தையின் பெயரை மீட்கப் போராடிக்கொண்டிருந்த லாலியின் மகனுக்கு, மே 26ஆம் நாள், தாம் மகிழ்ந்ததைத் தெரிவித்துச் சில வரிகள் சொல்லி எழுதுவித்தார். அதுவே அவருடைய கடைசிக் கடிதம். நான்காம் நாள் இறந்தார்.

ஆகவே அந்த வீட்டுக்குள் அவரைத் தேடி வந்த கடைசிப் பெரும் செய்தி, நம் வந்தவாசியிலும் புதுச்சேரியிலும் முளைத்த வழக்கின் முடிவு. கல்லில் இது இல்லை. சமயத் தலைவர்கள் பாரிஸில் அடக்கம் செய்ய இடம் தர மறுத்ததும், உறவினர் உடலை மறைவாக வெளியூர் மடம் ஒன்றுக்குக் கொண்டுபோய் அடக்கியதும், புரட்சிக்குப் பின்னர் 1791இல் அதே உடலை ஊர்வலமாகக் கொண்டுவந்து நாட்டின் பெருமக்களுக்கான மண்டபத்தில் வைத்ததும், அவ்வாண்டிலேயே அந்த நதிக்கரைச் சாலைக்கு அவர் பெயரை இட்டதும் கல்லில் இல்லை. இருக்கவும் முடியாது. சுவரில் பதிக்கும் கல் சரித்திரம் அன்று. சரித்திரம் எந்த வாசலில் இருக்கிறது என்று காட்டும் விரல்.

இத்தகைய கல்லையோ தகட்டையோ ஒழுங்கான திட்டத்தோடு வைக்கத் தொடங்கியவர்கள் லண்டன்காரர்கள். 1866இல் அங்கே ஒரு சங்கம் இதற்கெனத் திட்டம் வகுத்தது. மறு ஆண்டு, பைரன் என்னும் கவிஞர் பிறந்த வீட்டில் முதல் தகடு ஏறியது. 1889இல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். பிரான்சில் விக்டர் ஹியூகோவுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. அவர் உயிரோடிருக்கும்போதே அவர் வாழ்ந்த சாலைக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். 1885இல் அச்சாலையிலிருந்த வீட்டில் அவர் இறந்தார். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த வீடு போய்விட்டது. அவ்விடத்தில் எழும்பிய புதுக் கட்டடத்தின் முகப்பில் அவர் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் நிலைத்தது, முகம் நிலைத்தது, வீடு நிலைக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னைத் திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு அது. எங்கள் அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே மாட்டுவண்டியில் போன காலத்தவர்களுக்கு எட்டயபுரம் அயலூர் அன்று. அதே கரிசல், அதே பருத்தி, அதே வானம் பார்த்த பூமி. அவ்வூரில் 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த ஒரு பிள்ளை, காசிக்குப் போய், சென்னைக்கு வந்து, 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அடைக்கலம் தேடிச் சென்று, பத்தாண்டு அங்கே கழித்து, 1918இல் ஆங்கில எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகி, விடுதலைக்குப் பின் கடையத்தில் இருந்து, 1920இல் மீண்டும் சென்னைக்குச் ‘சுதேசமித்திரன்’ வேலைக்கு வந்து சேர்ந்தது. இத்தனை அலைச்சலுக்கும் பின்னர் வாய்த்தது ஒரு வாடகை வீடு.

1921 ஜூன் மாதத்தில் பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் யானை அவரைத் தள்ளியது. அதனால்தான் இறந்தார் என்று பலர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தக் காயம் ஆறியது. அதன்பிறகு ஜூலை 31ஆம் நாள் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலைக்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தது. அதுவே உயிரைக் கொண்டுபோயிற்று. முப்பத்தொன்பது வயது நிறையவில்லை. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு உடன் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை. வால்டேரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தோடு இதை ஒப்பிட்டு நாணுவதா, அவருடைய உடலுக்கு நேர்ந்ததை நினைத்து ஆறுதல் கொள்வதா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நினைவுக் குறிகள் எந்த வரிசையில் வந்தன என்பதையும் கவனியுங்கள். பிறந்த ஊரான எட்டயபுரத்தில் மணிமண்டபம் 1947இல் திறக்கப்பட்டது. கல்கி முன்னின்று, பொதுமக்கள் தந்த பணத்தில் எழுந்த மண்டபம் அது. பாரதியின் நூல்கள் 1949இல் நாட்டுடைமை ஆயின. உயிர் நீத்த வீடோ 1993இல்தான் அரசின் கைக்கு வந்து, பாரதியார் இல்லம் என்று பெயர் பெற்றது. இடையில் 72 ஆண்டுகள். அவ்வளவு காலம் இடிபடாமல் நின்றதே வியப்பு. பைரனின் வீட்டுக்கு அத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை. நான் முதன்முறை அந்த வீட்டுக்குப் போனபோது, முன்கட்டில் நின்று தெருவைப் பார்த்தேன். கோயிலுக்குப் போகிறவர்கள், காய்கறிக் கூடைக்காரர்கள், சைக்கிள்கள். புதுச்சேரியில் கடற்காற்று வீசும் தெருவில் வாழ்ந்த மனிதருக்கு இந்த நெருக்கம் பிடித்திருக்குமா என்று தோன்றியது. பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் மனிதக் கூட்டத்துக்கு அஞ்சியவர் அல்லர்.

அந்த வீட்டுக்குக் கல் வைப்பதானால் என்ன தேதி பொறிப்பது? இது விளையாட்டுக் கேள்வியன்று. அவர் இறந்தது நள்ளிரவுக்குப் பின், ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டுக்கே தேதி மாறிவிடுகிறது. ஆகவே அது செப்டம்பர் 12. நம் பஞ்சாங்கக் கணக்கிலோ சூரியன் உதிக்கும்போதுதான் நாள் மாறும். ஆகவே வீட்டில் விழித்திருந்தவர்களுக்கு அது இன்னமும் 11ஆம் தேதி இரவே. நெடுங்காலம் செப்டம்பர் 11 என்றே நினைவுநாள் கொண்டாடினோம். நூற்றாண்டு வந்த 2021இல் அந்த 11ஆம் நாளையே தமிழக அரசு மகாகவி நாள் என்று அறிவித்தது. 12 என்று எழுதுகிற ஆராய்ச்சியாளரும் தவறு செய்யவில்லை. ஒரே இரவு, இரண்டு கணக்குகள். இரண்டு புத்தகங்களில் இரண்டு தேதிகளைக் கண்டால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார் என்று முதலில் கேளுங்கள்.

இதே சிக்கலின் இன்னொரு முகத்தை எங்கள் திருச்சுழியில் காணலாம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போனால் குண்டாற்றங்கரையில் அவ்வூர் வரும். ஆறு என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் கருவேலமுமே ஓடும். ஆனால் ஊரின் பெயரில் மட்டும் வெள்ளம் இருக்கிறது. உலகை மூடவந்த வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் துளையிட்டுச் சுழித்து உள்ளே இறங்கச் செய்தார் என்பது தலபுராணம். மழைக்கு ஏங்கும் சீமையில் வெள்ளம் வடிந்ததைப் புராணமாகச் சொல்லி வணங்குகிறார்கள். சுந்தரர் பாடிய பழம்பதி அது.

அக்கோயிலுக்கு அருகில் ஒரு வீடு. 1879ஆம் ஆண்டு மார்கழித் திருவாதிரை. நடராசப் பெருமான் வீதியுலா முடிந்து, நள்ளிரவு கடந்து கோயிலுக்குத் திரும்பிய வேளையில், சுந்தரமையர் என்னும் வக்கீலின் மனைவி அழகம்மாளுக்கு இரண்டாம் மகன் பிறந்தான். மணி ஒன்று. ஆங்கிலத் தேதி டிசம்பர் 30. பஞ்சாங்க நாளோ 29இன் தொடர்ச்சி. வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது. அடியார்கள் அவருடைய பிறந்தநாளைப் புனர்பூச நட்சத்திரத்தை வைத்துக் கொண்டாடுகிறார்கள். நட்சத்திரத்துக்கு நள்ளிரவுத் தகராறு கிடையாது!

ரமணரை எழுத்தாளர் வரிசையில் வைக்கலாமா என்று சிலர் ஐயுறுவர். அட்சரமணமாலையும் உள்ளது நாற்பதும் உபதேச உந்தியாரும் தமிழ்ச் செய்யுள்கள். அவற்றை இயற்றியவரைப் புலவர் வரிசையிலிருந்து நீக்குவதற்கு எனக்குத் துணிவில்லை.

1892இல் தந்தை இறந்தார். குடும்பம் திருச்சுழியை விட்டுப் பிரிந்தது. பிள்ளை மதுரையில் சிற்றப்பா வீட்டுக்குப் போனான். 1896 ஆகஸ்டு 29ஆம் நாள், அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்டத் தந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு, திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். அந்தச் சீட்டு நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. ‘நான்’ என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே தன்னை ‘இது’ என்று குறிப்பிடுகிறது. கையெழுத்து இட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, ஒரு கோடுதான் இருக்கிறது. பெயர் எழுத மறுத்தவர் வாழ்ந்த வீடுகளில் இன்று பெயர்ப்பலகைகள் இருக்கின்றன: திருச்சுழி வீட்டுக்குத் தந்தையின் பெயரால் சுந்தர மந்திரம், மதுரை வீட்டுக்கு ரமண மந்திரம். கடைசியாக வாழ்ந்த இடம் திருவண்ணாமலை ஆசிரமத்திலுள்ள ஒரு சின்ன அறை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு அங்கே அவர் அடங்கினார். நிமிஷம்வரை தெரிகிறதே என்று வியக்காதீர்கள். கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அன்று திருவண்ணாமலையில் இருந்தார்; அந்நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னே மறைந்ததைக் கண்டு உடனே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அவ்வொளியின் பொருளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பார்த்தவுடன் மணியைக் குறித்துக்கொண்டாரே, அந்தப் பழக்கத்தைத்தான் சரித்திர மாணவன் போற்ற வேண்டும். பாரதியின் படுக்கைக்குப் பக்கத்தில் அத்தகைய கடிகாரம் ஒன்று இருந்திருந்தால் நமக்கு எவ்வளவோ தொல்லை மிச்சமாகியிருக்கும்.

திருச்சுழிக்குப் போகிறவர்கள் சுந்தர மந்திரத்தைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அருகிலேயே பள்ளிமடம் என்றொரு சிற்றூர் இருக்கிறது; அங்கே காளநாதசுவாமி கோயில். அதன் கல்வெட்டுகள் அக்கோயிலைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்னும் பள்ளிப்படை என்று கூறுகின்றன. பள்ளிப்படை என்றால், இறந்த அரசரின் நினைவாக அவர் பள்ளிகொண்ட இடத்தில் எடுத்த கோயில். பத்தாம் நூற்றாண்டில் வீரபாண்டியன் காலத்தில் வழிபாடு நடந்த கோயில் அது. அப்படியானால், ஒரு மனிதர் கடைசியாகத் தங்கிய இடத்துக்குக் கல் நாட்டுகிற வழக்கம் எங்கள் வறண்ட சீமைக்குப் பாரிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அது குண்டாற்றங்கரையில் நிற்கிறது.

முன்னோர் கல்லோடு நிறுத்தவில்லை. விளக்குக்கும் வழி செய்தார்கள். அணையாத விளக்கு ஒன்றை வைக்க விரும்பியவர் கோயிலுக்கு ஆடுகளைக் கொடுப்பார். தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று எண்ணிக்கை கல்லில் ஏறும். அவற்றைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும், மூப்படையும். ஆனால் கிழடு போனால் குட்டி அந்த இடத்தில் நிற்கும். தொகை குறையக் கூடாது. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் இவ்வளவு நெய் என்று கோயிலுக்கு அளக்க வேண்டும். அவருக்குப் பின் அவர் மகன் அளப்பான். புல்லும் புதரும் மட்டுமே விளையும் பூமியில், அந்தப் புல்லைத் தின்னும் ஆட்டைக்கொண்டே நினைவுக்கு நெய் வார்த்த ஏற்பாடு இது. நெல்விளையும் காவிரிக் கரையிலும் இவ்வழக்கம் உண்டு. ஆயினும் எங்கள் மண்ணுக்கு இது பொருந்துவதுபோல் வேறெங்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஊர்ப்பற்று என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

நம் காலத்துத் திறப்புவிழாக்களில் திரை விலக்குகிறோம், கை தட்டுகிறோம். யார் தூசி துடைப்பது, எழுத்து மங்கினால் யார் மை தீட்டுவது, கூரை ஒழுகினால் யாருடைய செலவு என்பதைக் கல்லில் எழுதுவதில்லை. பள்ளிப்படைக்காரர்கள் அதைத்தான் எழுதினார்கள். மன்னரின் புகழுக்கு ஒரு வரி என்றால், ஆட்டின் தொகைக்கும் நெய்யின் அளவுக்கும் பொறுப்பாளியின் பெயருக்கும் பல வரிகள்.

சென்ற முறை பள்ளிமடம் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. கோயிலுக்கு வெளியே வெயில் தணிந்த மணலில் ஒரு பையன் ஆடுகளை மடக்கிக்கொண்டிருந்தான். எத்தனை உருப்படி என்று கேட்டேன். “நாப்பத்தேழு, நேத்து ஒண்ணு ஈன்டுச்சு, அதையும் சேத்தா நாப்பத்தெட்டு” என்றான். கணக்கில் ஐயமே இல்லை. இந்தக் கோயில் யாருடையது என்று கேட்டேன். சாமியுடையது என்றான். சுந்தரபாண்டியனின் பெயரைச் சொன்னேன். அவன் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஓரமாக விலகிப்போன ஒரு குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினான்.